பராக்கா எங்கள் தெருவைச் சேர்ந்தவன்

"வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை. அந்தந்தத் தெருவில் குடியிருப்போர் மட்டுமே அந்தத் தெரு அணியில் ஆடலாம்." 2004ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று கிழக்குத் தாம்பரத்தில் நடந்த கபடிப் போட்டியின் துண்டறிக்கையில் மூன்றாவது விதி இது.

இந்த விதியைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நான் பொய் சொன்னேன். எங்கள் தெருவில் குடியிருந்த ஒருவனை, என்னிடமே கபடி கற்றுக்கொண்ட ஒருவனை, எங்கள் தெருக்காரன் இல்லை என்று சொன்னேன்.

இதை இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதால் மனம் லேசாகும் என்றும் நம்பவில்லை. சுமந்து சுமந்து தோள் மரத்துப்போய்விட்டது... அவ்வளவுதான்.

அவன் பெயர் பராக்கா. தான்சானியாக்காரன். பெரிய ஏரி ஒன்றின் கரையிலுள்ள ஊர் என்று சொல்வான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணினி படிக்க வந்தவன். 2002 ஜூன் மாதம், அவனும் அவன் நாட்டு நண்பர்கள் மூவரும் பூவரசு நகரில், தணிகாசலம் சாரின் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

மாதத்தை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு அது ஒரு வியாதி. தெருவில் யார் எப்போது குடிவந்தார்கள், போர்வெல் எந்த ஆண்டு போட்டார்கள், கேம்ப் ரோட்டில் எந்தக் கடை எப்போது கை மாறியது, எல்லாம் என் தலைக்குள் தேதியோடு இருக்கும். சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். "முரளி சொன்னா சரியா இருக்கும்" என்பது தெருவில் ஒரு வழக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பொய் செல்லுபடியானதற்குக் காரணமே இதுதான்.

அந்த நால்வருக்கு வீடு கொடுத்ததில் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வருத்தம். "ஃபேமிலி இருக்கற ஏரியா சார் இது" என்று செயலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஆரம்பிப்பார். அந்தப் பையன்கள் செய்த குற்றம் என்ன? ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு வைத்தார்கள். அது எங்கள் தெருவின் ஆடி மாத ஒலிபெருக்கிக்கு முன்னால் கொசு ரீங்காரம்! ஆனாலும் முணுமுணுப்பு ஓயவில்லை. வீட்டுக்காரர் தணிகாசலம் பயந்த சுபாவம். இன்றைக்கோ நாளைக்கோ காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போதுதான் பராக்கா கபடி ஆட வந்தான்.

தெருக்கோடியில் ஒரு காலி மனை. கருவேல முள்ளை வெட்டி, மணல் கொட்டி, சுண்ணாம்பில் கோடு கிழித்து நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். 2003ஆம் ஆண்டு கோடை, தண்ணீர்ப் பஞ்சம். லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் ஆட்டம். பராக்காவும் இரண்டு பச்சைக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பான். மூன்று நாள் பார்த்தான். நான்காம் நாள் என்னிடம் வந்து, "இது சண்டையா, பிரார்த்தனையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஒருவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போகிறான், ஏழு பேர் அவன்மேல் விழுகிறார்கள், பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள்... அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் அணித் தலைவன் சேகர், குரோம்பேட்டையில் இருசக்கர வண்டிப் பட்டறையில் வேலை செய்தவன். அவனிடம் இதைச் சொன்னேன்.

"இறக்கிப் பாக்கலாம்டா. கை எம்மாம் நீளம் கீது பாரு!" என்றான் சேகர்.

முதல் மாதம் பராக்காவால் எங்களுக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும்தான். கபடியில் எதிரணிக்குள் நுழைபவன் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு அறுபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பராக்கா போவான். நீளமான கையால் யாரையாவது அழகாகத் தொடுவான். தொட்டதும் அவன் வாயிலிருந்து தானாக ஒரு 'சாரி' வந்துவிடும். பாட்டு அறுந்துபோகும். அவுட்!

"டேய், தொட்டா சாரி கேக்கக் கூடாதுடா! தொடத்தாண்டா நீ உள்ளயே போற!" என்று சேகர் தலையில் அடித்துக்கொள்வான்.

"சாரி, சேகர் அண்ணா."

"இப்பவும் சாரியா? எவன்டா இவனுக்கு இவ்ளோ மரியாத கத்துக் குட்த்தது!"

அந்தப் பழக்கத்தை மாற்றியவன் நான். மாலை ஆட்டம் முடிந்ததும் அவனை நிறுத்திவைத்து ஆடுவேன். கோட்டைத் தாண்டும்போது பாட்டை மெல்லத் தொடங்கு, மூச்சை முதலிலேயே செலவழிக்காதே. உயரமானவனைக் கணுக்காலில்தான் பிடிப்பார்கள், குனிந்து போ. கண்ணைப் பார்க்காதே, காலைப் பார். நான் சொன்னதையெல்லாம் அவன் செய்தான். "தம் பத்தல மச்சான்" என்பான், மறுபடி போவான். தமிழில் அவன் சரளமாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தெரு மாறத் தொடங்கியது. முழுக்க மாறியது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்கள் மொட்டை மாடியிலிருந்து ஆட்டம் பார்த்தார்கள். சிறுபிள்ளைகள் 'பராக்கா அண்ணா' என்றார்கள். என் அம்மா அவனுக்குப் புளியோதரை கொடுத்தனுப்பினாள். காரம் தாங்காமல் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாத்திரத்தைக் காலி செய்தான்.

தணிகாசலம் சாருக்கும் தைரியம் வந்தது. ஐப்பசியில் நடந்த சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். செயலாளர் வழக்கம்போல் ஆரம்பித்ததும் அவர் எழுந்து சொன்னார்: "நம்ம தெருப் பசங்க அவனைச் சேத்துக்கிட்டு ஆடறாங்க. நம்ம பசங்களுக்கே அவன் நம்ம ஆளு. அப்புறம் உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?"

செயலாளர் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். பாருங்கள், அந்த நால்வர் அந்த வீட்டில் இருப்பதே அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நின்றது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் அப்போது யார்? பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள். அரசுத் தேர்வுகள் எழுதி எழுதித் தோற்றவன். வீட்டில் அப்பா செய்தித்தாளை மடித்து, வேலைவாய்ப்புப் பக்கம் மேலே தெரியும்படி என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். எனக்கென்று இருந்தது அந்த மணல் தரை மட்டும். அங்கே நான் பாடி வரும் ஆள். முரளி உள்ளே போனால் வெறுங்கையோடு வரமாட்டான் என்று பேர்.

மார்கழிப் பயிற்சியில் ஒருநாள் சேகர் என் தோளில் கை போட்டான். "மச்சான், நீ கார்னர்ல நில்லு. பாட்டுக்கு அவன் போட்டும். உன்னவிட அவனுக்கு ரீச் ஜாஸ்தி, இன்னா சொல்ற?"

"சரிடா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்! ஓரத்தில் நிற்பது இழிவான வேலை இல்லை. நல்ல அணிக்கு ஓரம்தான் உயிர் என்று நானே பலருக்குச் சொன்னதுண்டு. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். எதற்காக அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன்?... நான் கற்றுக்கொடுக்காவிட்டால் அவன் இன்னமும் 'சாரி' சொல்லிக்கொண்டிருப்பானே?... இப்படியெல்லாம் யோசித்தேன். எவ்வளவு சிறிய மனம்! ஆனால் அன்று என்னிடம் இருந்தது அந்த மனம்தான்.

காணும் பொங்கலன்று எட்டுத் தெரு அணிகள். அரையிறுதியில் பராக்கா பாடிப் போனபோதெல்லாம் மைதானமே எழுந்து நின்றது. எதிரணிப் பையன் ஒருவன், "வெஸ்ட் இண்டீஸ் டீம்ல இருந்து ஆள இட்டாந்துட்டாங்கடா!" என்று கத்தினான். பராக்கா அவனைத் தொட்டுவிட்டு, கோட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இல்ல தம்பி, கேம்ப் ரோடு" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான்.

நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஏரிக்கரைத் தெரு அணியின் தலைவன் நடுவரிடம் போனான். "வெளி ஆளு சார் அவன். ரூல்ஸ்ல இன்னா போட்டுகீது?" அவன் கேட்டதில் தவறில்லை. முந்தைய ஆண்டு ஒரு தெருவில் மாவட்ட அளவில் ஆடும் ஒருவனைக் கூட்டிவந்து, 'அக்கா வீட்டுக்காரர், இங்கதான் தங்கியிருக்கார்' என்று இறக்கிக் கோப்பையைத் தூக்கிப்போனார்கள். மூன்றாவது விதியே அதற்குப் பிறகு வந்ததுதான்.

"ஒன்ற வருசமா எங்க தெருவுலதான் சார் கீறான்! வூட்டக் காட்டட்டுமா?" என்று சேகர் எகிறினான்.

"ரேசன் கார்டு கீதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, மறுபடி சிரிப்பு.

நடுவர் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். சேகரின் குரலை அவர் நம்பவில்லை. சேகர் எல்லாவற்றுக்கும் எகிறுபவன். சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டார். "முரளி, நீ சொல்லுப்பா. நீ கரெக்ட்டா சொல்லுவ. இவரு உங்க தெருவா?"

2002 ஜூன் மாதத்திலிருந்து சார். இதுதான் பதில். என் நாக்கின் நுனியில் இருந்தது. தேதிகளை மறக்காதவன் நான்!

"அவர் காலேஜுக்காக வந்திருக்கார் சார்" என்றேன். இது உண்மை. "படிப்பு முடிஞ்சா போயிடுவார்." இதுவும் உண்மை. இரண்டு உண்மைகளை அடுக்கிவிட்டு, அவற்றின் மேல் ஏறி நின்று சொன்னேன்: "எங்க தெரு இல்ல சார்."

"டேய்... இன்னாடா சொல்ற?" என்றான் சேகர். அதட்டலாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாதவன் கேட்பதுபோல் கேட்டான்.

நடுவர் விஷயத்தை முடித்துவிட்டார். அரையிறுதியில் யாரும் ஆட்சேபிக்கவில்லை, அது முடிந்தது முடிந்ததுதான். இறுதி ஆட்டத்துக்கு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அத்தோடு நின்றிருந்தால் மைதானத்தில் பத்துப் பேருக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால் ஒலிபெருக்கி இருந்ததே! அறிவிப்பாளருக்குப் பேச ஒரு சங்கதி கிடைத்தால் போதாதா? "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, பூவரசு நகர் அணியில் ஆடிய ஆப்பிரிக்க நண்பர் அந்தத் தெருவைச் சேர்ந்தவர் அல்ல என்று அந்த அணியினரே ஒத்துக்கொண்டதால்..." என்று இரண்டு முறை வாசித்தார். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தணிகாசலம் சார் வீட்டு மாடிக்கு நேர் எதிரே ஒன்று இருந்தது.

பராக்கா கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். மாற்று ஆட்டக்காரனிடம் தன் முழங்கால் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். என்னைப் பார்த்து, "தம் கட்டு, முரளி" என்றான்.

நான் பாடிப் போனேன். நன்றாக ஆடினேன்! அதுதான் கொடுமை. ஒரு தப்பும் செய்யாமல் ஆடினேன். நாங்கள் வென்றோம். கோப்பையோடு சிறந்த ஆட்டக்காரருக்கு எவர்சில்வர் அண்டா ஒன்று. அம்மா அதில் வெகுநாள் தண்ணீர் பிடித்துவைத்தாள்.

நீங்கள் கேட்கலாம்: ஒரு கணத்தில் வாய் தவறுவது யாருக்கும் நடப்பதுதானே என்று. நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அன்று காலை சேகர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வண்டியை நிறுத்தாமலே பேசினான்.

"தணிகாசலம் சார் காலி பண்ணச் சொல்றாராம்டா. இன்னிக்கு மீட்டிங்ல அத்தத்தான் பேசப் போறாங்க. வா. ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்குத் தப்பா சொல்ட்டேன், மேட்ச் டென்சன்ல சொல்ட்டேன்னு சொல்லு. அவ்ளோதான்."

"நாளைக்கு எக்ஸாம் இருக்குடா" என்றேன்.

"அஞ்சு நிமிசம்டா!"

"நான் வந்து சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது?"

"நாங்கல்லாம் சொன்னா எவன் கேப்பான்? நீ சொன்னாத்தான கேப்பானுங்க. அதனாலதான வந்துகீறேன்... உங்கிட்ட பேஜாருடா." வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு ஆடவே இல்லை.

தேர்வு என்று சொன்னதும் பொய்தான். தேர்வு அடுத்த மாதம். கூட்டம் நடந்த நேரம் முழுவதும் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். போனால், ஏன் அன்று அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள். முரளி சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் போய்விடும். அந்தப் பேருக்காக நான்கு பேரின் கூரையை விட்டுக்கொடுத்தேன். சேகர் மட்டும் தனியாக நின்று வாதாடினானாம். செயலாளர் சிரித்துக்கொண்டே, "முரளியே மைதானத்துல சொல்லிட்டானேப்பா" என்றாராம்.

தை முடிவதற்குள் அவர்கள் காலி செய்தார்கள். சேலையூரில் இரண்டு இடத்தில் வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் முதலில் சரி என்று சொன்னவர்கள், ஆளைப் பார்த்ததும் சொந்தக்காரர் வருகிறார் என்று மாற்றிச் சொன்னார்கள். கடைசியில் நால்வரும் ஒன்றாக இருக்க முடியாமல் பிரிந்தார்கள். பராக்காவுக்கு மேடவாக்கம் தாண்டி ஓர் அறை கிடைத்தது. கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.

போவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். அதை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வாழைப்பழம் வைத்திருந்தான். அம்மா உள்ளே போனதும் என்னிடம், "ஃபைனல்ல மூணாவது பாட்டு சூப்பர் மச்சான். ஆனா திரும்பும்போது இடது கால் லேட்" என்றான்.

என் இடது கால் தாமதமாகத்தான் வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டும். 'சாரி' என்ற ஒற்றைச் சொல் போதும். அவன் வாயிலிருந்து அதை விரட்ட ஒரு மாதம் பாடுபட்டேனே, என் வாயில் அது வரவே இல்லை! "பாத்துக்கறேன்" என்றேன். இடது காலைப் பற்றி.

"காலி மனைக்கு வருவியா?" என்றும் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"தூரம் மச்சான்" என்றான்.

பிறகு அவனை நான் பார்க்கவில்லை. படிப்பை முடித்து ஊர் திரும்பினான் என்று கேள்வி. எனக்கு வேலை கிடைத்தது, மணமானது, வயது ஏறியது. தெருவின் வரலாற்றை எழுத வேண்டும் என்ற ஆசையும் வந்தது. காலி மனையில் இப்போது அடுக்குமாடி. போர்வெல், ஏரி, முதல் வீடு, பொங்கல் விளையாட்டு எல்லாம் எழுதினேன். 2004 பொங்கலுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எழுதினால் முழுதாக எழுத வேண்டும். முழுதாக எழுத வேண்டுமென்றால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: தணிகாசலம் சார் எப்போது அந்த முடிவுக்கு வந்தார்? நான் சொல்வதற்கு முன்பா, பின்பா?

செயலாளரைப் போய்ப் பார்த்தேன். இப்போது காது மந்தம். உரக்கக் கேட்டேன். "அதுக்கும் கபடிக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. மார்கழியிலயே தணிகாசலம் எங்கிட்ட வந்து, பொங்கல் கழிச்சுக் காலி பண்ணச் சொல்லிடறேன்னு ஒத்துக்கிட்டாரு. நீ எதுக்கு அதையெல்லாம் இப்பக் கிளறற?" என்றார்.

உண்மையாகவே சொல்கிறேன், தெருவில் நின்று பெருமூச்சு விட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே சாட்சியை வைத்து எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. தணிகாசலம் சார் இப்போது இல்லை. அவர் மனைவி பெரிய மகனோடு வண்டலூரில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மார்கழியிலயா? யாரு சொன்னா?" என்றார் அந்த அம்மா. "அவரு அந்தப் பசங்க மேல உசுரா இருந்தாரு. மைக்ல சொன்னதும் கையில இருந்த காபியை அப்படியே கீழ வெச்சுட்டாரு. 'நம்ம பசங்களே இல்லன்னுட்டாங்களே, இனிமே நான் என்ன பேசறது?'ன்னாரு. அப்புறந்தான் எல்லாம்... ஆமா, மைக்ல சொன்னது யாரு சொல்லி? உனக்குத் தெரியுமா முரளி?"

"விசாரிக்கணும்மா" என்றேன்.

செயலாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா தன் கணவரைக் காப்பாற்றச் சொல்லியிருக்கலாம். எனக்குச் செயலாளரை நம்பவே ஆசை. அந்த ஆசையினாலேயே அவரை நம்ப முடியவில்லை. மூன்றாவது சாட்சி இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முடிவு என் பொய்க்கு முந்தியதா, பிந்தியதா என்பது இதை எழுதும் இந்த நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.